நகராத வெளிச்சம்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தள்ளி இருந்து கேட்கிற கதை இல்லை இது. பயங்கொள்ளிகள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் கேலி செய்ய மாட்டேன். வானத்தில் அசையாமல் நின்ற ஒரு சின்ன வெளிச்சத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். பேய் இதில் வராது. வந்திருந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது. பேய்க்கு வேப்பிலை உண்டு. இதற்கு என்ன உண்டு என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேற்குமலை அடிவாரத்தில், சாரல் காற்று எட்டுகிற தூரத்தில், ஒரு வானியல் நிலையம் இருந்தது. அதன் தொலைநோக்கி அங்கே இல்லை. அது பூமியை விட்டு வெகுதூரம் தள்ளி, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெரிய திரையின் நிழலில் மிதந்துகொண்டிருந்தது. பல நாடுகள் கூட்டுச் சேர்ந்து விட்ட தொலைநோக்கி அது. தண்ணீர் முறை வைத்து வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. இந்த நிலையத்துக்குப் புரட்டாசியில் முறை வந்தது.

அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரே இடத்தைத்தான். மார்கழியில் கிழக்கே மூன்று மீன்கள் வரிசை பிடித்து ஏறிவருமே, அதற்குக் கீழே புகை படிந்தாற்போல ஒரு மங்கல். அங்கே விண்மீன்கள் பிறக்கின்றன. வாயு மேகம் கட்டிகட்டியாகத் திரண்டு, தன் கனத்தில் தானே நசுங்கி, உள்ளே சூடேறிப் பற்றிக்கொள்கிறது. பெரிய கட்டி என்றால் சூரியன். சின்னக் கட்டி என்றால் பற்றாது. ஈர விறகு மாதிரிப் புகைந்து, மெல்லச் சிவந்து, ஆறிக்கொண்டே கிடக்கும். அதற்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயர்.

அந்தக் கட்டி எவ்வளவு சின்னதாக இருக்க முடியும்? மேகம் எந்த அளவுக்குக் கீழே திரள மறுக்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த நிலையத்தின் தலைவர் ஆவுடையப்பன் தன் தலைமுடியை வெளுக்க விட்டிருந்தார். வியாழன் கிரகத்தைப் போல மூன்று நான்கு மடங்கு எடை, அதுதான் கடைசிப்படி என்று உலகம் சொன்னது. இயற்கை அதைவிடச் சின்னதாகவும் செய்யும் என்று அவர் சொன்னார். ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு சான்று கிடைத்தால் போதும் என்பது அவர் ஆசை.

தேடுகிற வேலை ஜெசிந்தாவுடையது. வலைமுனை என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவள், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், நாற்பதைத் தாண்டியவள். மங்கலான சிவப்புப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் படத்தில் விழும். அவற்றில் எது அந்த மேகத்தில் பிறந்த குழந்தை, எது வழியில் குறுக்கே நிற்கும் அயலான் என்று பிரிக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் ஒரு விதி இருந்தது. கிட்டே இருப்பது ஆண்டுக்காண்டு கொஞ்சம் நகரும். எட்டாத தூரத்தில் இருப்பது நின்ற இடத்தில் நிற்கும். அந்த விதியைத் தமீம் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: அசைந்தால் அயலான், அசையாவிட்டால் பிள்ளை.

தமீம் காயல்பட்டினத்துக்காரன். மலைமேல் இருந்த லேசர் நிலையம் அவன் பொறுப்பு; தொலைதூர விண்கலங்களுக்கு ஒளியால் செய்தி அனுப்புகிற இடம். வேலை இல்லாத நேரமெல்லாம் ஜெசிந்தாவின் அறையில்தான் இருப்பான். அந்த மேகத்தைப் பிரசவ வார்டு என்பான், குறுமீன்களைக் குறைமாசப் பிள்ளைகள் என்பான்.

ஆவுடையப்பனுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. வேறு மாதத்தில் நேரம் தருகிறோம் என்று மற்ற நாட்டுக்காரர்கள் சொன்னாலும் வாங்கிக்கொள்ள மாட்டார். புரட்டாசி என்றால் புரட்டாசிதான். ஒரே வாசலில் நின்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும், திசை மாறினால் பிழை சேரும் என்பார். சுத்தமான வேலை அது. அந்தச் சுத்தத்துக்குள்தான் தப்பு ஒளிந்திருந்தது. அது எப்படி என்று சொல்கிறேன்.

அந்த ஆண்டு அவருடைய சான்று கிடைத்துவிட்டது. உலகம் சொன்ன கடைசிப்படிக்கும் வெகு கீழே ஒரு புள்ளி. ஆறு ஆண்டுப் படங்களிலும் ஒரே இடம், மயிரிழைகூட விலகவில்லை. நிறத்தில் நீராவியும் மெத்தேனும் தெரிந்தன. உலகத்திலேயே மிகச் சின்னக் குறுமீன். செய்தி வெளியே போனது. மறுநாள் மதியம் நிலையத்தில் எல்லோருக்கும் சாப்பாடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஆவுடையப்பன் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்தப் பிள்ளைக்கு யார் சாடை என்று தமீம் கேட்க, தன் சாடைதான் என்று அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

கூடத்தின் பெரிய திரையில் ஆறு ஆண்டுப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டிருந்தார்கள். மற்றப் புள்ளிகள் இம்மியளவு நடுங்கின. சில அயலான்கள் தாவித் தாவிப் போயின. நடுவில் இருந்த அந்தப் புள்ளி மட்டும் ஆடாமல் நின்றது. நின்றபடி, ஆண்டுக்காண்டு, துளித்துளியாக வெளிச்சம் கூடிக்கொண்டிருந்தது. இளம் மீன்கள் சிமிட்டும், ஏறும், இறங்கும். அதனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜெசிந்தா கைதட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கைகள் நின்றுவிட்டன.

அவள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு, கண்ணுகளா. கடலில் எதிரே ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது இடமோ வலமோ நகர்கிறதா என்று பார்ப்பார்கள். நகர்ந்தால் நல்லது, அது தன் வழியில் போகிற கப்பல். நகராமல், நின்ற இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால், அது உங்களை நோக்கி வருகிறது. ஜெசிந்தா சிறு பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா மிக்கேல் அப்படித்தான் போனார். அவர் வள்ளத்தை ஒரு சரக்குக் கப்பல் ஏறி மிதித்துவிட்டது. தப்பி வந்தவன் அவள் அண்ணன் சந்தியாகு மட்டும். விடிகிற நேரத்தில் எதிரே ஒரு விடிவெள்ளி நின்றது, அசையவே இல்லை, அதனால் வெள்ளி என்றே நினைத்துவிட்டோம் என்று அவன் ஊர்க்காரர்களிடம் சொன்னதை, அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள்.

அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். சாப்பாட்டுக் கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஆவுடையப்பன் அறைக்குப் போய், நாம் அசைகிறதை எல்லாம் தள்ளிவிட்டோம், நேராக நம்மை நோக்கி வருகிறதும் அசையாதே என்று சொன்னாள்.

அவர் சிரித்தார். கிட்டே இருந்தால் நம் பூமி சூரியனைச் சுற்றுவதாலேயே அது ஆடித் தெரிந்திருக்குமே என்றார். உங்கள் கட்டைவிரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறுகிறதா? கிட்டே இருப்பதால் மாறுகிறது. தூரத்து மரத்துக்கு அப்படி மாறாது. பூமி இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு கண், அந்தப் பக்கம் போனதும் மறு கண். அவர் சொன்னது நியாயம்தான்.

ஜெசிந்தா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"நாம எப்பவும் ஒரே கண்ணாலதான் சார் பாத்திருக்கோம்," என்றாள் அவள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்து போனது. புரட்டாசி, புரட்டாசி, புரட்டாசி. ஆறு முறையும் பூமி ஒரே இடத்தில் நின்றபோது எடுத்த படம். மறு கண்ணைத் திறக்கவே இல்லை.

மாசியில் நேரம் வாங்க அவர் பிற நாட்டுக்காரர்களிடம் கெஞ்சினார். காரணம் சொல்லவில்லை. அந்த மாதங்களில் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள். ஜெசிந்தாவின் அண்ணன் மகனுக்கு அந்த ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயரையே வைப்பது, மிக்கேல் என்று. கோயிலில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் ஜெசிந்தாதான் என்று பேசி வைத்திருந்தார்கள். தொலைபேசியில் குழந்தையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவன் மீசை முளைக்கும்வரை இருப்பானா என்று நினைத்துத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மாசிப் படம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் வந்தது. பழைய படத்தின்மேல் புதுப் படத்தை வைத்தார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. அந்த ஒன்று மட்டும் எங்கோ தள்ளிக் கிடந்தது. விரல் இடம் மாறிவிட்டது.

அது குறுமீன் இல்லை. பிரசவ வார்டில் பிறந்தது இல்லை. அந்த வார்டுக்கு முன்னால், வெகு வெகு கிட்டே, நம் வாசலுக்கும் அதற்கும் நடுவில் நிற்பது. நம் நிலாவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. வருகிற வேகத்துக்கு இருபது ஆண்டு, மிஞ்சினால் இன்னும் ஓரிரண்டு. சூரியனை நோக்கிக்கூட இல்லை. புரட்டாசியில் பூமி நிற்கும் இடத்தை நோக்கி, அதனால்தான் அந்தப் படங்களில் அது அசையவே இல்லை.

தமீம் நாற்காலியில் உட்கார்ந்து அல்லாஹ்வை அழைத்தான். ஆவுடையப்பனை வாட்டியது வேறொன்று. ஒரு கைப்பிடிச் சோறு எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்று அவர் கேட்டார். அண்டாச் சோறு பொழுது சாயும்வரை சூடு தாங்கும், கைப்பிடிச் சோறு உடனே ஆறிவிடும். அந்த உருண்டையும் அப்படித்தான்.

"இந்த அளவுக்கு ஒண்ணு எப்பவோ ஆறிப்போயிருக்கணும்," என்றார். "இது ஆறலை. யாரோ உள்ள அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தாலொழிய..."

முடிக்காமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். எதற்குச் சாத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறைத்து வைக்க முடியுமா இதை? சொன்னார்கள். உலகம் நம்பவில்லை, பிறகு சரிபார்த்தது, பிறகு நம்பியது.

அதற்குப் பிறகு ஊர் இருந்த இருப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். யாரும் கூச்சல் போட்டு ஓடவில்லை. இருபது ஆண்டு இருக்கிறதே, எங்கே ஓடுவது? நல்லநாள், பொல்லாதநாள் எல்லாம் வந்துபோயின. ஆனால் தென்னம்பிள்ளை வைப்பது நின்றுபோனது. அஸ்திவாரத்தோடு நின்ற வீடுகளில் எருக்கு முளைத்தது. படித்து என்ன ஆகப்போகிறது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்க, வாத்தியார்கள் திரும்பிக் கரும்பலகையை அழித்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பிள்ளை வேண்டாம் என்று தள்ளிப் போட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு நடந்த பெண்களைப் பார்த்து மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கொடுமை.

கண்டுபிடித்தவள்மேல் பழி விழுந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்காது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள் கண்ணுகளா, இருக்கிறார்கள். வலைமுனையில் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஞானஸ்நானத்துக்கு அவள் பட்டுத் துணியும் வெள்ளிக் கொலுசும் வாங்கி வைத்திருந்தாள். அண்ணன் மனைவி செபஸ்தியாள் தொலைபேசியில் அழைத்து, தப்பா எடுத்துக்காத, பிள்ளையை நீ தொட வேண்டாம்னு பெத்தவ அழுதா என்று சொன்னாள். சொன்னவளும் அழுதாள். வேறு ஒருத்தி பிள்ளையை ஏந்தி நின்றாள். ஜெசிந்தா கொலுசை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

உலகத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உயிரற்ற உருண்டையா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே வேறு ஏதோ தனிமம் கனன்றுகொண்டிருக்கலாம் என்றார்கள் சிலர். ஆனால் கணக்கில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பூமியைத் தொடாமல் உரசிக்கொண்டு போய்விடவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே யாராவது இருந்தால் அவர்கள் கவனத்தை இழுக்க வேண்டாம். விண்வெளிக்கு எந்த ஒளியும், எந்த அலையும் போகக்கூடாது. நாம் இருட்டாக இருப்போம். இப்படி உத்தரவு வந்தது. மலைமேல் லேசர் நிலையத்தைப் பூட்டினார்கள். சாவி ஆவுடையப்பனிடம் இருந்தது.

அடுத்த புரட்டாசியில் படம் எடுத்தார்கள். அதே இடம். இன்னும் வெளிச்சம்.

தைப் பொங்கல் கழிந்து ஜெசிந்தா ஊருக்குப் போனாள். யார் கதவடைத்தாலும் போய்விட்டு வருவது என்று தீர்மானித்துப் போனாள். நண்பகல் வெயிலில் சந்தியாகு கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். செபஸ்தியாள் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள், வரவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் வலைக்கண்ணில் சிக்கிய சிப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போன அன்று நடந்ததை முழுசாகச் சொல் என்று அவள் கேட்டாள். வெளிச்சம் கிட்டே வந்த பிறகாவது ஒன்றும் செய்ய முடியாமல் போனதா என்று கேட்டாள்.

அவன் வலையைக் கீழே போட்டான்.

"டார்ச்சு இருந்துச்சு, ஜெசி."

அவள் சிப்பி எடுப்பதை நிறுத்தினாள்.

"பெரிய டார்ச்சு. பேட்டரியும் புதுசு. அது கப்பல்னு தெரிஞ்சதும் நான் கையில எடுத்துட்டேன். அப்பாதான், போடாதலே, அமத்து, நாம எல்லையைத் தாண்டி நிக்கோம், ரோந்துக்காரன் பாத்தா வலையும் போச்சு வள்ளமும் போச்சுன்னாவ. ரெண்டு பேரும் மூச்சக்கூட விடாம உக்காந்திருந்தோம். கப்பக்காரன் நம்மளப் பாக்காமப் போயிருவான்னு."

"பாக்கல."

"ஆமா, பாக்கல. அதனாலதான் ஏறுனான்." அவன் கடலைப் பார்த்தான். "அவன் நம்மள மோதணும்னா வந்தான்? கொழும்புக்குப் போறவன். தண்ணி வெறிச்சோடிக் கெடக்குன்னு நெனச்சு வந்தான். இத்தன வருசமா அப்பாவக் குத்தஞ்சொல்லக் கூடாதுன்னு நான் வாயத் தொறக்கல, பிள்ளே. பயந்தவன் வெளக்கத்தான் மொதல்ல அமத்துவான். யாரா இருந்தாலும்."

ஜெசிந்தா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். வீட்டுக்குள்ளே குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே போகவில்லை. பேருந்து ஏறிவிட்டாள்.

நிலையத்துக்கு வந்து மற்ற இருவரிடமும் சொன்னாள். அது வெறும் உருண்டை என்றால் நம் வெளிச்சத்தால் ஆவதும் இல்லை, போவதும் இல்லை. உள்ளே ஆள் இருந்து, நம்மைத் தெரிந்தே வந்தால், இருட்டில் ஒளிந்தும் பயன் இல்லை. ஆள் இருந்து, நாம் இருப்பது தெரியாமல் வந்தால், அப்போதுதான் வெளிச்சம் நம்மைக் காக்கும்.

தமீம் பலகையில் இருந்த தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொன்ன விட்டுட்டீங்க அக்கா. கணக்குல அந்த இடைவெளி இருக்கு. சும்மா இருந்தா ஒருவேளை அவன் பாட்டுக்குப் போயிருவான். நாம வெளக்கக் காட்டி, அவன் நின்னு பாத்தா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அப்படியும் நடக்கலாம்தான். ஜெசிந்தா அதை மறுக்கவில்லை. தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றாள். எட்டுநூறு கோடிப் பேருக்காக மூன்று பேர் முடிவெடுக்கலாமா என்று ஆவுடையப்பன் கேட்டார். கூடாதுதான். அதனால் முதலில் ஜெசிந்தா பெரியவர்களுக்கு எழுதினாள், பேசினாள். உத்தரவு உத்தரவுதான் என்றார்கள். ஒருத்தர், வீட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும்போது குழந்தை அழுதால் வாயைப் பொத்த மாட்டீர்களா என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

சித்திரை வந்தது. அந்த மாதத்தில் மூன்று மீன்களும் பகல் வானத்தில் இருக்கும். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு பிற்பகலில், தார்ச்சாலை உருகுகிற வெயிலில், ஆவுடையப்பன் மலைமேல் நடந்து வந்தார். பின்னால் ஜெசிந்தா. தமீம் முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். வருவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகள் இருவரையும் காலையில் பள்ளிக்கூட வாசலில் விட்டபோது திரும்பத் திரும்ப முத்தம் கொடுத்ததாகவும், என்ன வாப்பா என்று அதுகள் சிரித்ததாகவும் சொன்னான்.

ஆவுடையப்பன் சாவியை எடுத்தார். பூட்டுவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஜெசிந்தா வாங்கித் திறந்தாள்.

"கேட்டா, நான்தான் போட்டேன்னு சொல்லுங்க," என்றார் அவர். "என் பிள்ளைன்னு மூக்கைத் தொட்டுக் காட்டினவன் நான்."

தமீம் இயந்திரத்தை வெயில் வானத்தில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தை நோக்கித் திருப்பினான். எப்படிக் காட்டுவது என்று கேட்டான். வலைமுனையில் வள்ளத்துக்கு வள்ளம் காட்டுகிற மாதிரி என்றாள் ஜெசிந்தா: மூன்று தரம் விட்டு விட்டு, பிறகு நீளமாக ஒன்று. இங்கே ஆள் இருக்கிறோம், விலகிப் போ. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஒளி போனது. வெயிலில் யாருக்கும் தெரியவில்லை. மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கவில்லை. சாயங்காலம்வரை காட்டினார்கள், அடுத்த நாளும் காட்டினார்கள், மூன்றாம் நாள் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், நெஞ்சு தாங்காது. ஆவுடையப்பனை வேலையை விட்டு நீக்கிக் காவலில் வைத்தார்கள். உலகம் முழுவதும் அவர்கள் மூவரையும் சபித்தார்கள். நிலையத்தின் கண்ணாடிகள் கல்லெறிபட்டு உடைந்தன. தமீமின் பெண்களைப் பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளவில்லை. படத்தைப் படிக்க அவளைப் போல வேறு ஆள் கிடையாது என்பதால் ஜெசிந்தாவை மட்டும் காவலோடு வேலையில் விட்டுவைத்தார்கள், தமீம் உதவிக்கு. அந்த ஒளி அவ்விடம் போய்ச் சேரவும், அங்கே என்ன நடந்தாலும் அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவும் ஐந்து மாதம் போல ஆகும். அதுவரை சூரியன் அந்தப் பக்கம் நிற்பதால் தொலைநோக்கியும் அங்கே திரும்ப முடியாது. அவள் தூங்கவில்லை. தூங்கினால் கனவில் ஒரு விடிவெள்ளி நின்றது.

புரட்டாசி வந்தது. படம் வந்தது. முற்பகல் வேளை, அறையில் காவலர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏழு புரட்டாசிகளாக அந்தப் புள்ளி நின்ற இடத்தை ஜெசிந்தா பார்த்தாள். அந்த இடம் காலியாக இருந்தது.

முதலில் படம் பழுது என்று நினைத்தாள். சுற்றி இருந்த புள்ளிகளைச் சரிபார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில். பிறகு கண்ணை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். அங்கே இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி. முன்னைவிடப் பிரகாசமாக, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக, அடுப்பை யாரோ ஒருபுறம் தூண்டிவிட்டாற்போல.

"அசைஞ்சிருச்சு, அக்கா," என்றான் தமீம். திரையில் விரலை வைத்துக் காட்டினான்.

காவலருக்கு விஷயம் புரிய நேரமானது. புரிந்ததும் அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஓவென்று அழுதார். அன்று மாலைக்குள் உலகமே அழுதது, சிரித்தது, கோயில் மணிகளை அடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாதை பூமியை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது. மோதாது. மிக்கேல் என்ற அந்தக் குழந்தைக்கு மீசை முளைக்கும், பிறகு நரைக்கவும் நரைக்கும்.

ஆனால் அந்த அறையில் ஜெசிந்தா மகிழவில்லை, கண்ணுகளா. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பலகையில் இருந்த எழுத்தையே பார்த்தாள். அசைந்தால் அயலான்.

கல் விலகாது. உருண்டைக்கு வழி விடத் தெரியாது. விளக்கைப் பார்த்து விலகுகிறது என்றால், விளக்கைப் பார்க்கிற கண் ஒன்று அங்கே இருக்கிறது. சுக்கானைப் பிடித்த கை ஒன்று இருக்கிறது. அது யார், எங்கே போகிறார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு மட்டும் நாம் இங்கே இருப்பது தெரிந்துவிட்டது. அந்தப் பயம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

ஆவுடையப்பனை விட்டுவிட்டார்கள். மிகச் சின்னக் குறுமீன்களின் வரிசையிலிருந்து அந்தப் புள்ளியை அவரே தன் கையால் கோடிட்டு அடித்தார். கடைசிப்படி பழைய இடத்துக்கே போனது. உலகம் சொன்னதுதான் சரி, இயற்கை அதைவிடச் சின்னதாகச் செய்வதில்லை. வாழ்நாள் முழுக்கத் தோற்றதற்காக ஒரு மனிதர் அப்படி நிம்மதியாகச் சிரித்ததைத் தமீம் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

ஜெசிந்தா வலைமுனைக்குப் போனாள். இந்த முறை செபஸ்தியாள் வாசலோடு நிற்கவில்லை. பேருந்து நிற்கும் இடத்துக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையில் கொடுத்தாள். கொலுசு சின்னதாகிப் போயிருந்தது. பிள்ளை அதை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தான். கரையோரம் சந்தியாகு தன் வள்ளத்தின் கொம்பில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில், எரிகிற விளக்கு. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கதை முடிந்தது, கையை விட்டுவிடலாம். பயந்தவர்கள் பயந்தபடியே போங்கள், அதில் வெட்கம் இல்லை. அவளும் பயந்துகொண்டேதான் விளக்கைப் போட்டாள். உங்கள் வீட்டில் நட்ட பிள்ளை தழைக்கட்டும், பெற்ற பிள்ளை வளரட்டும், உலை ஆறாமல் இருக்கட்டும். உங்கள் நிலைப்படியில் ஒரு வெளிச்சம் எப்போதும் எரியட்டும். உங்களை நோக்கி நேராக வருவது எதுவானாலும், அந்த வெளிச்சத்தைக் கண்டு, ஒரு விரற்கடை விலகி, தன் வழியே போகட்டும்.